லாபத்தில் முடிந்த படிக்கட்டு

எங்கள் சொந்தக்காரர்களுக்குள் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு சேதியை என்னிடம் சொல்லி இன்னொருவருக்குச் சொல்லச் சொன்னால் அது போய்ச் சேராது என்பது அவர்களுடைய முடிவு. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட, "அம்மாகிட்ட நாங்களே போன்ல சொல்லிக்கறோம் கண்ணு, நீ மறந்துபோடுவே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் சிரிப்பேன். ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இருநூறு பிள்ளைகளின் பெயரை இனிஷியலோடு சொல்வேன். அதெல்லாம் அவர்களிடம் செல்லாது. நான்காம் வகுப்பு படித்தபோது ஒரே ஒரு முறை "மறந்துட்டேன்" என்று சொன்னேன். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எல்லாம் ஒரு படிக்கட்டால் வந்தது.

எங்கள் வீடு திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து போர் லாரி வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் அப்பா வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போய்விடுவார். அங்கே ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு ஆடி மாதம்தான் திரும்புவார். பெரியப்பா ஊரிலேயே இருந்து போனில் வேலை பார்ப்பார். அவருக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கும் யோசனை சொல்லும் நேரத்துக்கும் எங்கள் வீட்டில்தான் இருப்பார்.

மாடி கட்டி நான்கு வருஷம் ஆகியும் ஹாலிலிருந்து மேலே போகிற படிக்கட்டு மட்டும் கான்கிரீட் ஊற்றிய கோலத்திலேயே கிடந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறுமை. கைப்பிடி கிடையாது. வெறுங்காலில் ஏறினால் பாதம் உரசும். அந்தப் படிக்கட்டை அதிகம் பயன்படுத்தாமல், ஆனால் அதை நம்பியே இருந்தவர் என் அத்தை. அப்பாவின் தங்கை. மாடி அறை அவருடையது.

அத்தைக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஏழு வயதில் கிணற்றுமேட்டிலிருந்து விழுந்து இடது தொடை முறிந்திருக்கிறது. கட்டுப் போட்டதில் எலும்பு கோணலாகக் கூடி, அந்தக் கால் ஒன்றரை இஞ்ச் குட்டையாகிவிட்டது. சமதரையில் நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் இடது பக்கம் ஒரு முறை தாழ்ந்து எழுவார். ஆனால் படியில் அது தெரியாது. படியில் ஏறி இறங்கும்போது யாராக இருந்தாலும் உடம்பு ஒரு பக்கம் தாழ்ந்து ஒரு பக்கம் எழத்தானே செய்கிறது. அதில் அத்தையின் சாய்வு காணாமல் போய்விடும். உள்ளங்கையைச் சுவரில் லேசாக ஒட்டியபடி, கீழே பார்க்காமல், பேசிக்கொண்டே இறங்கி வருவார். கடைசிப் படியைத் தாண்டித் தரையில் கால் வைக்கும்போதுதான் அத்தை மறுபடியும் நொண்டுவார். சின்ன வயதில் எனக்கு அது ஒரு வித்தை மாதிரி இருக்கும்.

மாடியில் அவருக்கு ஒரு தையல் மெஷின் இருந்தது. காலால் மிதிக்கிற மெஷின். அக்கம்பக்கத்துப் பெண்களும் காலேஜ் பிள்ளைகளும் ஜாக்கெட் தைக்க ஏறி வருவார்கள். முன்பு அந்த மெஷின் கீழேதான் இருந்தது. நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அத்தைக்கு ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் காலைப் பற்றிச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பெண்ணைக் காட்டி, உட்கார்ந்த இடத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். நிச்சயத்தன்று தட்டு வாங்க அத்தை எழுந்து ஆறு எட்டு எடுத்து வைத்தார், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து, ஹால் நிறைய ஆள் இருக்கும்போது, "ஏமாத்திப் புள்ளையத் தள்ளியுடப் பாத்தீங்களா" என்று கேட்டார். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் அத்தை மெஷினை மாடிக்குத் தூக்கி வைக்கச் சொன்னார். அதன்பிறகு விசேஷத்துக்கோ கோயிலுக்கோ கூப்பிட்டால்தான் கீழே வருவார்.

இரண்டு வருஷம் கழித்துத் தரகர் ஒரு போட்டோ கொண்டுவந்தார். சங்ககிரிப் பக்கத்து ஆள். சொந்தமாக இரண்டு லாரி. மனைவி இறந்து மூன்று வருஷம், பிள்ளை இல்லை. அத்தை போட்டோவை வாங்கி மெஷின் டிராயரில் வைத்துக்கொண்டார். அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவோம்.

"கால் விசயத்த மொதல்லயே சொல்லிப்போடுங்க நங்கை. தெரிஞ்சு வர்றதா இருந்தா வரட்டும். தெரிஞ்சு வேண்டாம்னாலும் சரி. அன்னைக்காட்டம் இன்னொருக்கா நிக்க என்னால ஆகாது."

"சொல்லாம இருப்பமா அம்மிணி" என்றார் அம்மா.

நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா சொன்னது உண்மை என்றுதான் நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அன்று சாயங்காலமே தனக்கென்று ஒரு மயில்கழுத்து நிற ஜாக்கெட் வெட்டினார். ஊருக்கெல்லாம் தைத்தவர் தனக்குத் துணி வெட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பெரியப்பாவின் கண் படிக்கட்டின் மேல் விழுந்தது. இப்படி மூளியாகக் கிடந்தால் வீட்டுக்கு வருகிற ஒறம்பரை என்ன நினைப்பார்கள் என்றார். டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா அங்கே எங்கேயோ வண்டிச் சத்தத்துக்கு நடுவில் நின்று கத்தியது ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. டைல்ஸ் வழுக்கும், தங்கச்சிக்கு ஆகாது, மரம் போடுங்கள், மரம்தான் காலைப் பிடிக்கும் என்றார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குத் தேக்குப் படி வந்தது. அத்தை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது.

ஆசாரி ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேச மாட்டார். வந்த முதல் நாள் பலகையைத் தொடவே இல்லை. அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு படியின் மேலும் வைத்துக் கோடு போட்டு வெட்டினார். கொத்தனார் போட்ட பதினாறு படியில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லையாம். பதினாறு படிக்கும் பதினாறு அட்டை. அந்த அட்டையை வைத்துத்தான் பலகையை அறுத்தார். காலை வைக்கிற பலகை ஒன்று, படிக்கு முகம்போல முன்னால் நிற்கிற பலகை ஒன்று, ஆக ஒரு படிக்கு இரண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் அது எத்தனையாவது படி என்று பென்சிலில் எழுதினார். எண் எழுதுகிற வேலையைப் பிறகு எனக்குக் கொடுத்தார். அப்பா ஆயிரம் அடி ஆழத்துக்குத் துளை போடுகிறவர், ஆசாரி இரண்டு இஞ்ச் துளை போடுவதற்கு அவ்வளவு நேரம் யோசிப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பலகையை ஒட்டி ஸ்க்ரூ போட்டால் ஒரு நாள் மிதிக்கக் கூடாது. அதனால் ஒன்று விட்டு ஒன்று போடுவார். ஒரு நாள் ஒன்று, மூன்று, ஐந்து. மறுநாள் இரண்டு, நான்கு, ஆறு. நடுவில் போகிறவர்கள் ஒரு படி தாண்டித் தாண்டிக் கால் வைத்துப் போக வேண்டும். அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டுவார். நான் குதிப்பேன். அத்தையால் அது முடியாது. அவருடைய கால் ஒரு படி உயரத்துக்குத்தான் கணக்கு வைத்திருந்தது. அதனால் வேலை நடந்த ஐந்து நாளும் அத்தை மாடியிலேயே இருந்தார். சாப்பாட்டுத் தூக்கை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்காம் நாள் பெரியப்பா படிகளை எண்ணினார். எங்கள் பக்கம் வீட்டுப் படியை ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டார்கள். லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். பெரியப்பா வார்னிஷ் பாதி காய்ந்த படிகளில் ஓரமாகக் கால் வைத்து ஏறினார். பதினாறாவது படியில் நின்றுகொண்டு "நஷ்டம்" என்றார். சந்தேகத்துக்கு மறுபடியும் இறங்கி எண்ணினார். மறுபடியும் நஷ்டம்.

கொத்தனாரைப் போனில் பிடித்தார்கள். மாடித் தளத்தையும் சேர்த்துப் பதினேழு, லாபத்தில்தான் முடிகிறது என்று அவர் அடித்துச் சொன்னார். தளம் தளம்தான், அது எப்படிப் படியாகும் என்றார் பெரியப்பா. போனை வைத்துவிட்டு, நான்கு வருஷமாக இந்த வீட்டில் நஷ்டத்தில் ஏறி நஷ்டத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறோம், பின் எப்படித் தங்கச்சிக்கு அமையும் என்று கேட்டார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. நிச்சயம் நின்றதற்கு இரண்டு வருஷமாகத் தேடிய காரணம் காலடியிலேயே கிடைத்துவிட்டது. பொய் சொன்னதுதான் காரணம் என்று அந்த ஹாலில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் லாபம், நஷ்டம் என்று விரலில் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கான்கிரீட்டை இடிக்க முடியாது. பெரியப்பா கீழே ஒரு படி கூட்டச் சொன்னார். ஆசாரி மூலைமட்டத்தைக் கீழ்ப்படியில் வைத்து அளந்து பார்த்தார்.

"பலகை எல்லாப் படிக்கும் ஒரு இஞ்சு ஏறுதுங்க. நடுப்படிக்கெல்லாம் வித்தியாசம் தெரியாதுங்க. கீழ கடைசிப் படி மட்டும் தரையிலிருந்து எட்டு இஞ்சு ஆயிருச்சு. அதுக்குக் கீழ இன்னொரு படி வெச்சா நாலு நாலா வருமுங்க. மேல பூரா ஏழு, இங்க மட்டும் நாலு. காலு ஏமாந்துருமுங்க."

"கண்ணு இருக்கறவன் பாத்து எறங்கட்டும். லாபத்துல முடிக்கோணும், அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா.

ஆசாரி மிச்சத் தேக்கில் ஒரு பெட்டி செய்தார். நான்கு இஞ்ச் உயரம், ஒரு அடி அகலம், ஹாலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் மதியம் அதைப் பொருத்தினார். முதுகில் என்ன நம்பர் எழுத வேண்டும் என்று கேட்டேன். அதற்கு நம்பர் கிடையாது என்றார். பெரியப்பா வந்து கீழிருந்து எண்ணி, லாபத்தில் முடித்து, மாடித் தரையில் நின்று கையைத் தட்டினார்.

அவர் இறங்கிப் போனபிறகு ஆசாரி என்னைக் கூப்பிட்டார். "சாமி, அத்தைகிட்ட மறக்காமச் சொல்லிப்போடுங்க. கீழ புதுசா ஒண்ணு இருக்குது, நாலே இஞ்சுதான், பாத்து எறங்கோணும்னு. அவங்க அஞ்சு நாளாக் கீழயே வரல. அவங்களுக்குத் தெரியாது பாருங்க."

சரிங்க என்றேன். சாயங்காலம் காபித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெரியப்பாவும் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நாற்காலியைப் படிக்கட்டின் காலடியிலேயே போட்டுவிடு, அத்தை மேலேயிருந்து இறங்கி வந்து நேராக உட்கார்ந்துவிடட்டும், ஒரு எட்டுக்கு மேல் தரையில் நடக்கக் கூடாது என்றார் பெரியப்பா. காலைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது என்று தரகரிடம் சொல்லியாகிவிட்டதாம். தாலி கட்டிய பிறகு தெரிந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

அத்தை மயில்கழுத்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு சேதியையும் சொன்னேன். இன்றைக்கும் எனக்கு வரிசைகூட நினைவிருக்கிறது. முதலில் புதுப் படி. எத்தனை இஞ்ச் என்று அத்தை கேட்டார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினேன். அவர் தன்னுடைய டேப்பை எடுத்து என் விரலில் வைத்துப் பார்த்து, "இது மூணுதான் சாமி" என்று சிரித்தார். பிறகு நான், படியில் இறங்கினால் கால் தெரியாதாம், அதனால் நாற்காலியைப் பக்கத்திலேயே போடுகிறார்களாம், கால் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று தரகரிடம் சொல்லிவிட்டார்களாம் என்றேன்.

"ஆரு சொன்னா?"

"பெரியப்பா அம்மாகிட்டச் சொன்னாருங்க அத்தை."

"உங்கம்மா என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க."

அத்தை காபியைக் குடிக்கவில்லை. ஆடை படிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சமிருந்த கொக்கிகளை வைத்து முடித்தார். வெட்டியதில் மிஞ்சிய மயில்கழுத்துத் துண்டை என்னிடம் கொடுத்து பொம்மைக்குக் கட்டிக்கொள்ளச் சொன்னார். நானும் துணி கிடைத்த சந்தோஷத்தில் இறங்கி ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். ஹாலில் யாரும் இல்லை. அத்தை படிக்கட்டின் கீழ்ப் பாதியில் நின்றிருந்தார். ஐந்து நாளைக்குப் பிறகு கீழே வந்திருந்தார். புதுப் படியைப் பார்த்துக் கால் வைத்து இறங்கினார். மறுபடியும் நான்கு படி ஏறி, இந்த முறை பார்க்காமல் இறங்கினார். சரியாகவே இறங்கினார். மூன்றாவது முறை ஏறினார். பெட்டிப் படியில் கால் வைக்க வேண்டிய இடத்தில் காலை அதன் விளிம்புக்கு வெளியே விட்டுத் தடுமாறி, சுவரைப் பிடித்து நின்றுகொண்டார். அதை இன்னொரு முறையும் செய்தார். நான் சிரித்துவிட்டேன். அத்தை விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"புதுப் படி நல்லா இருக்குது சாமி" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

பதினோரு மணிக்குக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர். மாப்பிள்ளை போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு, முன்மண்டையில் முடி குறைவு, யாரைப் பார்த்தாலும் பாதி எழுந்து உட்கார்ந்தார். ஆசாரி சாமானை எடுத்துப் போக வந்திருந்தார். பெரியப்பா அவரைப் போகவிடாமல் ஓரமாக நிறுத்திவைத்து, படிக்கட்டு எப்படி, இழைப்பு எப்படி என்று மாப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தேக்கு அன்றைக்குத் தேன் மாதிரி மின்னியது. பிறகு பெரியப்பா மேலே பார்த்து, "வாம்மிணி" என்றார்.

அத்தை இறங்கி வந்தார். மயில்கழுத்து ஜாக்கெட், அரக்குப் பட்டு. கை சுவரில். தலையைக் குனியவில்லை. மாப்பிள்ளையை நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினாறு படியிலும் கால் தெரியவே இல்லை. நாற்காலி ஒரு எட்டுத் தூரத்தில் இருந்தது. பெட்டிப் படியில் அத்தையின் இடது கால் விளிம்புக்கு வெளியே போனது.

காலையில் பருத்திச் சேலை. இப்போது பட்டு. சரிகைக் கரை பெட்டியின் மூலையில் மாட்டிக்கொண்டது. கை சுவரைத் தேடியது, ஆனால் உடம்பு அதற்குள் மறுபக்கம் சாய்ந்துவிட்டது. பெட்டிப் படியின் விளிம்பில் தொடை பட, குறுக்காக விழுந்தார். பச்சைக் குச்சியை ஒடித்ததுபோல் ஒரு சத்தம். நாற்காலி உருண்டு போய் மாப்பிள்ளையின் காலடியில் நின்றது.

பெரியப்பா முதலில் அத்தையிடம் போகவில்லை. ஆசாரியிடம் போனார். சட்டையைப் பிடித்து, "மரத்த அடிச்சு வெச்சிருக்கற லச்சணமாடா இது" என்று கேட்டார். ஆசாரியின் பை கீழே விழுந்து உளிகள் சிதறின. அவர் கையை எடுத்துக் கும்பிட்டார்.

"நான் வேண்டாம்னு சொன்னனுங்க. பாப்பாகிட்டயும் சொல்லியுட்டனுங்க. பாப்பாவக் கேளுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே கீழே கிடந்த அத்தை, அம்மாவின் மடியில் தலை வைத்தபடி, "எனக்கு யாரும் சொல்லலீங்கண்ணா" என்றார். சொன்னது பெரியப்பாவிடம், பார்த்தது என்னை. அந்தப் பார்வை காலையில் பார்த்த அதே பார்வை. அதில் கெஞ்சல் இருந்ததா அதட்டல் இருந்ததா என்று இன்று வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் பிடிபட்டது.

"மறந்துட்டேன்" என்றேன்.

அம்மா இருந்த இடத்திலிருந்தே எட்டி அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. பெரியப்பா ஆசாரியின் சட்டையை விட்டார்.

சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். சிறுவயதில் முறிந்த அதே எலும்பு, பழைய முறிவுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள், கூடவில்லை. மறுபடியும் வைத்தார்கள். ஒன்றரை இஞ்ச் குறை மூன்று இஞ்ச் ஆனது. அதன்பிறகு அத்தை படியேறவில்லை. மெஷின் மாடியில், அத்தை கீழே பின்னறையில். மெஷினைக் கீழே இறக்கலாம் என்று அப்பா சொன்னபோது, மிதிக்கிற கால் போன பிறகு அது எதற்கு என்று அத்தை சொல்லிவிட்டார். பெட்டிப் படியை அன்றே பெயர்த்தாகிவிட்டது. ஆனால் தேக்கை யார் எறிவார்கள். அத்தை நாற்காலியில் உட்காரும்போது எட்டாத காலுக்குக் கீழே அதை வைத்தார்கள். அளவு ஏறக்குறைய சரியாக இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. படிக்கட்டு பழையபடி நஷ்டத்தில் முடிகிறது. பெரியப்பா அதன்பிறகு எண்ணவில்லை.

அப்பா ரயில் பிடித்து மூன்றாம் நாள் வந்தார். யாரையும் திட்டவில்லை. பெட்டி பெயர்த்த கீழ்ப்படியில் உட்கார்ந்து மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "சின்னப்புள்ள, மறக்கறதுதான் சாமி" என்றார். அம்மா அறைந்ததைவிட அதுதான் வலித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என்னைத் தனியாக விட்டுவிட்டு அம்மா மருந்து வாங்கப் போனபோது, அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ எங்கிட்டச் சொல்லவே இல்லதான சாமி?" என்றார். தலையிலும் அடிபட்டு அத்தைக்கு உண்மையாகவே நினைவு போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். நோயாளியோடு வாதாடக் கூடாது என்று, "இல்லீங்க அத்தை" என்றேன். அவர் பிடியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு தடுமாற்றம் மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. வாய்விட்டுச் சொன்னால் அண்ணன்மார் முகத்தில் கரி பூசினவள் ஆவார். தெரியாமல் தடுக்கினால் பழி படியின் மேல் போகும். பிடித்துக்கொண்டு எழுந்து, நாலு எட்டு நொண்டி நடந்து, இதுதான் நான் என்று அந்த ஆளுக்குக் காட்டியிருப்பார். வேண்டுமென்றால் இருக்கட்டும், வேண்டாமென்றால் போகட்டும். இதெல்லாம் பின்னால் நானாகப் போட்ட கணக்கு. அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. பழியை என் தலையில் வைத்ததற்காக அவர்மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. கொஞ்சம் இப்போதும் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை தாங்கிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்.

சொல்ல மறக்கிறவள் என்று பெயர் எடுத்தவள்தானே, ஒன்றைக் கடைசிக்கு வைத்துவிட்டேன்.

அம்மா என்னை அறைந்த பிறகு, காருக்குத் தூக்குவதற்கு முன்னால் நடந்தது. மாப்பிள்ளை நாற்காலியை நிமிர்த்திவிட்டு அத்தையின் பக்கத்தில் மண்டியிட்டு, எங்கே பிடித்தால் வலிக்காது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா அத்தையின் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தார். துடைத்தபடியே எங்கள் அம்மாவிடம் சொன்னார்.

"காலு கொஞ்சம் சாய்வுன்னு தரகரு மொதல் நாளே எங்ககிட்டச் சொல்லிப்போட்டாருங்க. அதுக்கென்னங்க, எம்பையனுந்தான் ரெண்டாந்தாரம், தெரிஞ்சுதான் வந்தோம். எறங்கி வந்தப்பப் பாத்துட்டு, அதுகூடத் தெரியலியேன்னு இப்பத்தான் பையன்கிட்டச் சொன்னேன். அதுக்குள்ள இப்புடி ஆயிப்போச்சுங்க."

அதுவரைக்கும் அத்தை அழவில்லை. எலும்பு முறிந்தபோது அழவில்லை. சேலை நகர்ந்து தொடை வீங்குவது தெரிந்தபோதும் அழவில்லை. அந்த அம்மா சொல்லி முடித்ததும் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த அந்த ஆளைப் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து ஒரு அழுகை அழுதார், ரோட்டில் போனவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

அடிபட்டால் முதலில் மரத்துப் போயிருக்கும், வலி கொஞ்சம் கழித்துத்தான் தெரியும் என்று எங்கள் ஸ்கூல் மிஸ் சொல்லியிருந்தார். அத்தைக்கு இப்போதுதான் வலி தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு, நான் கீழே சிதறிக் கிடந்த ஆசாரியின் உளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.